விளையாட்டு எஞ்சினைப் பல தளங்களில் உயிரோடு வைத்திருப்பது எப்படி: கோடோவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கோடோ (Godot) என்ற திறமூல விளையாட்டு எஞ்சினின் 3-ஆம் வரிசை மூலநிரலைத் திறந்தால், 'பிளாட்ஃபார்ம்' என்ற அடைவுக்குள் 'யூடபிள்யூபி' என்றொரு துணை அடைவு இருக்கும். விண்டோஸ் ஸ்டோருக்கான வழி அது. 4.0-க்காகச் சாளர மேலாண்மையும் வரைகலை அடுக்கும் அடியோடு மாற்றி எழுதப்பட்டபோது லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, வெப் எல்லாம் புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தன. யூடபிள்யூபி மட்டும் வரவில்லை. சில காலம் பயன்படுத்த முடியாத நிலையில் அங்கேயே கிடந்தது, பிறகு நீக்கப்பட்டது.

யாரும் அதை வேண்டுமென்று உடைக்கவில்லை. சுற்றியிருந்தவை நகர்ந்தன, அதை நகர்த்த ஆள் இல்லை, அவ்வளவுதான். ஒரு தளத்துக்கு எஞ்சினைக் கொண்டுபோகும் முதல் வேலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பாராட்டும் அதற்கே கிடைக்கிறது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் நடக்கவேண்டிய பராமரிப்பு பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கவே இந்த வழிகாட்டி. கோடோவிலோ அதுபோன்ற இன்னொரு திறமூல எஞ்சினிலோ ஒரு தளத்தின் பொறுப்பை ஏற்க நினைப்பவரும், சொந்தக் கிளையைப் பல தளங்களுக்குத் தொகுக்க வேண்டியவரும் இதைப் பின்பற்றலாம். சி++, கிட் இரண்டும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

படி 1: எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

எந்த எஞ்சினாக இருந்தாலும் முதலில் செய்யவேண்டியது, இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசும் நிரல் எங்கே முடிகிறது, பொது நிரல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது. கோடோவில் இதற்கு மூன்று அடைவுகளைப் பார்த்தால் போதும். 'பிளாட்ஃபார்ம்' அடைவில் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒரு துணை அடைவு: லினக்ஸ்பிஎஸ்டி, விண்டோஸ், மேக்ஓஎஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், வெப், 4.5 பதிப்பிலிருந்து விஷன்ஓஎஸ்ஸும் உண்டு. 'டிரைவர்ஸ்' அடைவில் வல்கன், டைரக்ட்3டி 12, மெட்டல், ஓப்பன்ஜிஎல் போன்ற வரைகலை பேக்எண்டுகளும் (பேக்எண்ட் என்பது ஒரு குறிப்பிட்ட இடைமுகத்தோடு நேரடியாகப் பேசும் அடிநிலை நிரல்), அல்சா, பல்ஸ்ஆடியோ, வாசாபி போன்ற ஒலி பேக்எண்டுகளும் இருக்கின்றன. 'சர்வர்ஸ்' அடைவில் இருப்பவை இடைமுகங்கள். திரை, ஒலி, வரைகலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் மேலிருக்கும் நிரல் என்ன கேட்கலாம், கீழிருக்கும் நிரல் என்ன தரவேண்டும் என்ற ஒப்பந்தம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

காட்சி, கணுக்கள், எடிட்டர் ஆகியவற்றின் நிரலுக்கு 'சர்வர்ஸ்' மட்டும்தான் தெரியவேண்டும். எடிட்டரின் ஏதோ ஒரு மூலையில் விண்டோஸின் தலைப்புக் கோப்பை யாராவது சேர்த்திருந்தால், அந்த இணைப்புக் கோரிக்கையை அங்கேயே நிறுத்துங்கள். இதில் பிடிவாதம் காட்ட நடைமுறைக் காரணமும் உண்டு. விண்டோஸின் தலைப்புக் கோப்பு 'மின்', 'மேக்ஸ்' என்ற பெயர்களை மேக்ரோக்களாக வரையறுக்கிறது. லினக்ஸின் சாளர அமைப்பான எக்ஸ்11-இன் தலைப்புக் கோப்போ 'நன்', 'பூல்', 'ஸ்டேட்டஸ்' ஆகிய பெயர்களைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. இவை பொது நிரலுக்குள் கசிந்தால், உங்கள் தளத்தில் நன்றாகத் தொகுக்கப்படும் கோப்பு இன்னொருவர் தளத்தில் சம்பந்தமே இல்லாத வரியில் விழும்.

எளிய பரிசோதனை ஒன்று: இயங்குதளத்தைச் சோதிக்கும் நிபந்தனை மேக்ரோக்கள் பொது அடைவுகளில் எத்தனை இடங்களில் வருகின்றன என்று தேடி எண்ணுங்கள். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அது ஏறிக்கொண்டே போனால் எல்லைக்கோடு அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

படி 2: 'ஆதரவு' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதுங்கள்

ஒவ்வொரு தளத்துக்கும் ஐந்து விவரங்கள் வேண்டும்: இயங்குதளத்தின் குறைந்தபட்சப் பதிப்பு, செயலிக் கட்டமைப்பு, வரைகலை இடைமுகம், கம்பைலரின் குறைந்தபட்சப் பதிப்பு, பொறுப்பாளர். முதல் நான்கையும் எல்லாத் திட்டங்களும் எழுதிவிடுகின்றன. ஐந்தாவது பல இடங்களில் காலியாகவே இருக்கும். அந்தக் கட்டம் காலியாக உள்ள தளத்தை ஆதரவுப் பட்டியலில் வைத்திருப்பது பயனர்களுக்குச் செய்யும் தீங்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒருவர் ஓராண்டு உழைத்து விளையாட்டை முடித்துவிட்டு, ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தும் நாளில்தான் அந்தத் தளத்துக்கு ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியவருகிறது.

பொறுப்பாளர் என்றால் எல்லாப் பிழைகளையும் தானே சரிசெய்பவர் என்று பொருளில்லை. அந்தக் கருவி அவர் கையில் இருக்கவேண்டும். அந்தத் தளத்தைத் தொடும் மாற்றம் வரும்போது இயக்கிப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும். அது போதும்.

படி 3: பில்டு அமைப்பைப் பேசவையுங்கள்

கோடோ ஸ்கான்ஸ் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்துகிறது. பைத்தானில் எழுதப்பட்டது, விதிகளும் பைத்தான்தான். கட்டளைக்கு மூன்று முக்கிய மதிப்புகளைத் தருகிறோம். எந்தத் தளம் என்பது ஒன்று. எடிட்டரா, பிழைதிருத்த வார்ப்புருவா, வெளியீட்டு வார்ப்புருவா என்பது இரண்டாவது (வார்ப்புரு என்பது ஏற்றுமதியாகும் விளையாட்டோடு சேர்ந்து போகும் எஞ்சின் பைனரி). எந்தச் செயலிக் கட்டமைப்பு என்பது மூன்றாவது. ஒவ்வொரு தள அடைவிலும் 'டிடெக்ட்' என்ற பைத்தான் கோப்பு இருக்கும். இந்தக் கணினியில் இந்தத் தளத்துக்குத் தொகுக்க முடியுமா, என்னென்ன விருப்பங்கள் உண்டு, கம்பைலருக்கு என்னென்ன கொடிகள் என்பதை அது சொல்கிறது. மைய பில்டு கோப்பு 'பிளாட்ஃபார்ம்' அடைவைத் துழாவி, 'டிடெக்ட்' கோப்பு உள்ள எல்லாவற்றையும் தளங்களாக ஏற்றுக்கொள்கிறது. புதிய தளத்தைச் சேர்க்க மையக் கோப்பைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு முடிவின் பயனைக் கடைசிப் படியில் பார்ப்போம். உங்கள் எஞ்சினில் மைய பில்டு கோப்புக்குள் நீண்ட நிபந்தனைச் சங்கிலி இருந்தால், இப்போதே இப்படிப் பிரித்துவிடுங்கள்.

இங்கே எச்சரிக்கை ஒன்று சொல்லவேண்டும். லினக்ஸில் கணினியின் லைப்ரரிகளோடு நேரடியாகப் பிணைக்கும்படி (இயல்பான முறை அது அல்ல) தொகுக்கும்போது அல்சாவின் மேம்பாட்டுக் கோப்புகள் கிடைக்காவிட்டால், கோடோவின் பில்டு ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு அல்சா ஆதரவு இல்லாமல் தொடர்கிறது. சொந்தக் கணினியில் தொகுத்துப் பார்க்கும் புதியவருக்கு இது பேருதவி. வெளியீட்டுக்கான பில்டில் இதே மென்மை ஆபத்து. ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும் பதிவில் அந்த எச்சரிக்கையை யாரும் பார்க்கமாட்டார்கள். வெளியீட்டுக்குப் பிறகு ஒலி வரவில்லை என்ற புகார்தான் வரும். ஆகவே அதிகாரப்பூர்வ பில்டில் இருந்தே ஆகவேண்டிய வசதிகளின் பட்டியலை எழுதி, ஒன்று அணைந்தாலும் பில்டு தோல்வியடையும்படி செய்யுங்கள்.

லினக்ஸில் இன்னொரு நல்ல பழக்கத்தையும் கோடோவிடம் கற்கலாம். எக்ஸ்11, வேலாண்ட், பல்ஸ்ஆடியோ போன்ற லைப்ரரிகளோடு அது இயல்பாக நேரடியாகப் பிணைத்துக்கொள்வதில்லை. இயங்கும் நேரத்தில் தேடி ஏற்றிக்கொள்கிறது. அதனால் ஒரே பைனரி, பல்ஸ்ஆடியோ இல்லாத கணினியிலும் திரையே இல்லாத சர்வரிலும் தொடங்குகிறது. இல்லாத லைப்ரரியின் பேக்எண்ட் மட்டும் விலகிக்கொண்டு அடுத்ததற்கு வழிவிடுகிறது.

படி 4: கருவிகளின் பதிப்பைப் பூட்டுங்கள்

உங்கள் மடிக்கணினியில் தொகுத்த லினக்ஸ் பைனரியைப் பிறருக்குத் தராதீர்கள். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி ஜிலிப்சி. 2021-இல் வந்த அதன் 2.34 பதிப்பு, திரிகளுக்கான (த்ரெட்) லைப்ரரியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. நிரல் தொடங்கும் இடத்தின் குறியீட்டுப் பதிப்பும் மாறியது. அதற்குப் பிந்தைய கணினியில் தொகுத்த எந்தச் சாதாரண நிரலும், ஜிலிப்சி 2.31 கொண்ட உபுண்டு 20.04-இல் 'இந்தப் பதிப்பு கிடைக்கவில்லை' என்று சொல்லித் தொடங்கவே மறுக்கும். உங்கள் நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. தொகுத்த கணினி மட்டும்தான் மாறியிருக்கும்.

தீர்வு, பழைய ஜிலிப்சியை இலக்காகக் கொண்ட கருவித்தொடரை ஒரு கன்டெய்னருக்குள் (தனக்கு வேண்டிய கோப்புகளோடு தனித்து இயங்கும் சூழல்) வைத்து எப்போதும் அங்கிருந்தே தொகுப்பது. கோடோ குழு அப்படித்தான் செய்கிறது. விண்டோஸ் பைனரிகளை லினக்ஸ் கன்டெய்னரிலிருந்தே மின்ஜிடபிள்யூ என்ற கருவித்தொடர் கொண்டும், ஆப்பிள் பைனரிகளை ஓஎஸ்எக்ஸ்கிராஸ் என்ற கருவித்தொடர் கொண்டும் தொகுக்கிறது. கன்டெய்னர் செய்முறைகள் பொதுவெளியில் இருக்கின்றன. ஆப்பிளின் மேம்பாட்டுக் கோப்புகளை மட்டும் உரிமம் காரணமாக நீங்களே ஆப்பிளின் மேம்பாட்டு மென்பொருளான எக்ஸ்கோடிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும்.

விண்டோஸில் ஒரு நுட்பம் உண்டு. வெளியீடு மின்ஜிடபிள்யூவில், பங்களிப்பாளர்கள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் கம்பைலரில். இரண்டிலும் ஒவ்வொரு மாற்றமும் தொகுக்கப்படவேண்டும். ஒன்றை விட்டால் சில நாட்களுக்குள் அது உடைந்திருக்கும்.

பூட்டிவைப்பது என்றால் மறந்துவிடுவது என்று ஆகிவிடக் கூடாது. ஆண்ட்ராய்டை எடுத்துக்கொள்வோம். நெடுங்காலம் நினைவகப் பக்கத்தின் அளவு 4 கிலோபைட் என்பதை எல்லோரும் இயற்கை விதிபோல் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆண்ட்ராய்டின் 15-ஆம் பதிப்பு 16 கிலோபைட் பக்கங்கள் கொண்ட கருவிகளுக்கு ஆதரவு தந்தது. ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேற்பட்டதையோ இலக்காகக் கொண்ட புதிய செயலிகளும் மேம்படுத்தல்களும் 2025 நவம்பர் 1 முதல் அதற்கு ஒத்துப்போகவேண்டும் என்று கூகுள் பிளே விதித்தது. ஆண்ட்ராய்டுக்கு சி++ நிரலைத் தொகுக்கும் கருவித்தொகுப்பான என்டிகேயின் 28-ஆம் பதிப்பு இயல்பாகவே அந்த அளவுக்குச் சீரமைத்துத் தொகுக்கிறது, கோடோ 4.5 அந்த ஆதரவோடு வந்தது. பழைய என்டிகேயோடு தங்கியிருந்த சொந்தக் கிளைகளுக்கு இது திடீர்ச் சுவராக நின்றது. கருவிப் பதிப்புகளை ஆண்டுக்கு இருமுறையாவது எடுத்துப் பார்க்க நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரமாக அது இருக்கவேண்டாம்.

படி 5: பேக்எண்டை மெலிதாக வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

கோடோ 4.0, 2023 மார்ச் 1 அன்று வந்தபோது, நவீன வரைகலைக்கு 'ரெண்டரிங் டிவைஸ்' என்ற பொது இடைமுகமும் அதன் அடியில் வல்கன் செயலாக்கமும் இருந்தன. பெயரளவில் இடைமுகம் பொதுவானது. நடைமுறையில் அடியில் இருந்த வல்கன் வகுப்பு மிகப் பருத்திருந்தது. வாதங்களைச் சரிபார்ப்பது, வளங்களுக்கிடையிலான சார்புகளைக் கண்காணிப்பது, வளங்களை எப்போது விடுவிப்பது என்று தீர்மானிப்பது என எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. டைரக்ட்3டி 12 வேண்டும் என்றபோது அத்தனையையும் இன்னொருமுறை எழுதவேண்டியிருந்தது. ஒரே பிழையை இரண்டு இடத்தில் திருத்துவது, ஒன்றில் மறப்பது, 'வல்கனில் சரியாக வருகிறது, டைரக்ட்3டியில் வரவில்லை' என்ற புகாரைத் துரத்துவது ஆகியவை அத்தகைய அமைப்பில் பிறகு அன்றாடமாகிவிடும்.

4.3-க்கான பணியில் இதைப் பிளந்தார்கள். எல்லா இடைமுகத்துக்கும் பொதுவானவை 'ரெண்டரிங் டிவைஸ்' வகுப்பிலேயே மேலே தங்கின. அடியில் 'ரெண்டரிங் டிவைஸ் டிரைவர்' என்ற மெலிந்த வகுப்பு வந்தது. இடையகம் உருவாக்கு, பைப்லைன் உருவாக்கு, கட்டளையைப் பதிவுசெய், வரிசையில் சமர்ப்பி என்ற அளவில் மட்டும் அதன் வேலை. வல்கனுக்கு ஒன்று, டைரக்ட்3டி 12-க்கு ஒன்று. 4.4-இல் ஆப்பிள் சிலிக்கானுக்கான (ஆப்பிளின் சொந்தச் செயலிகள்) மெட்டல் டிரைவரும் இதே வடிவில் வந்து அமர்ந்தது. அதுவரை மேக்கில் மோல்டன்விகே என்ற மொழிபெயர்ப்பு லைப்ரரி வல்கன் அழைப்புகளை மெட்டலாக மாற்றித் தந்துகொண்டிருந்தது.

உங்கள் எஞ்சினில் இதை எப்படிச் சோதிப்பது? இரண்டு பேக்எண்டுகளின் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒரே தர்க்கம் இரண்டிலும் இருக்கும் பகுதிகளுக்கு வண்ணம் தீட்டுங்கள். வண்ணம் தீட்டிய அத்தனையும் மேலே போகவேண்டியவை. ஒரே ஒரு பேக்எண்ட் மட்டும் இருக்கும் எஞ்சினில் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் முதல் பேக்எண்டைப் பார்த்து வடிவமைத்த 'பொது' இடைமுகம் பெரும்பாலும் அந்த முதல் பேக்எண்டின் முகமாகவே இருக்கிறது. இரண்டாவது வரும்போது இடைமுகத்தைத் திருத்த வெட்கப்படாதீர்கள். அதற்கான சரியான தருணம் அதுதான்.

கோடோவில் தடுப்புகளின் கதை இதற்கு நல்ல சான்று. ஒரு வளத்தில் எழுதி முடித்த பிறகே அதைப் படிக்கவேண்டும் என்பதற்கான ஒத்திசைவுத் தடுப்புகளை வல்கனில் நிரலரே குறிப்பிடவேண்டும். 4.3-க்கு முன் அந்தப் பொறுப்பு இடைமுகத்தின் வழியே மேலே இருப்பவர் வரை ஏறிவந்திருந்தது. 4.3-இல் கட்டளைகளைச் சார்பு வரைபடமாகத் தொகுத்து, தடுப்புகளை எஞ்சினே கணக்கிடும் முறை வந்தது. வல்கனின் சிந்தனை வல்கனின் அருகிலேயே தங்கியது. மேலே இருப்பவருக்குப் பிழை செய்ய வாய்ப்பும் குறைந்தது.

வரைகலைச் செயலியில் ஓடும் சிறு நிரல்களான ஷேடர்களுக்கும் இதே கொள்கை. ஒருமுறை எழுது, இடைநிலை வடிவத்துக்கு மாற்று, அங்கிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் பிரி. கோடோவில் ஷேடர் முதலில் ஸ்பிர்-வி என்ற இடைநிலை வடிவம் ஆகிறது. வல்கன் அதை அப்படியே ஏற்கும். மெட்டலுக்கு ஸ்பிர்வி-கிராஸ் என்ற கருவி ஆப்பிளின் ஷேடர் மொழிக்கு மாற்றுகிறது. டைரக்ட்3டி 12-க்கு, மேசா என்ற திறமூல வரைகலை டிரைவர் திட்டத்தின் என்ஐஆர் வடிவம் வழியாக, டைரக்ட்3டி ஏற்கும் டிஎக்ஸ்ஐஎல் வடிவமாகிறது. இந்தப் பாதையில் பெரிய மேடு ஒன்று இருந்தது. பைப்லைன் உருவாக்கும் நேரத்தில் ஷேடருக்குள் மாறிலிகளை நிரப்பும் வசதி வல்கனில் உண்டு, மெட்டலில் உண்டு, டைரக்ட்3டி 12-இல் இல்லை. கோடோ அதைப் பெரிதும் நம்பியிருந்தது. தீர்வாக, தொகுத்த டிஎக்ஸ்ஐஎல் பைட்டுகளில் அந்த மாறிலிகள் அமரும் இடத்தைக் குறித்துவைத்து, தேவைப்படும்போது பைட்டுகளையே திருத்துகிறார்கள். துணிச்சலான வேலை. இதில் கவனிக்கவேண்டியது, அந்தச் சிக்கல் முழுவதும் டைரக்ட்3டி டிரைவருக்குள் அடங்கியிருக்கிறது என்பது. மேலே இருப்பவருக்கு மாறிலி இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும்.

ஓப்பன்ஜிஎல்லை மட்டும் கோடோ இந்த அடுக்குக்குள் திணிக்கவில்லை. 'கம்பாட்டிபிலிட்டி' என்ற அதன் ரெண்டரர் தனியாக, நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. பழைய கைப்பேசிகளும் உலாவியும் அதன் களம். இரண்டு உலகங்களுக்கும் பொதுவான இடைமுகம் எழுதியிருந்தால், பழையதன் வரம்பு புதியதையும் கட்டிப்போட்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கவேண்டும் என்ற ஆசையை இங்கே அடக்கியது சரியான முடிவு என்பது என் கருத்து. விலையும் இருக்கிறது: புதிய வசதி ஒன்றை இரண்டு ரெண்டரர்களிலும் எழுதவேண்டும்.

இன்னொன்று. ஆழ அளவு ஓப்பன்ஜிஎல்லில் கழித்தல் 1 முதல் 1 வரை. வல்கன், மெட்டல், டைரக்ட்3டி மூன்றிலும் 0 முதல் 1 வரை. வல்கனில் ஒய் அச்சு கீழ்நோக்கி, மற்றவற்றில் மேல்நோக்கி. இந்த வேறுபாடுகளைத் தீர்க்க ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் தீருங்கள். ஏனெனில் இவை பயனரின் ஷேடர்களுக்குள்ளும் நுழைந்துவிடும். 4.3-இல் கோடோ ஆழ அளவைத் தலைகீழாக மாற்றியபோது பயனர்கள் எழுதிய ஷேடர்கள் சில உடைந்தன. குழு அதை மறைக்காமல், எது ஏன் உடையும், எப்படித் திருத்துவது என்று விளக்கி, மன்னிப்பும் கேட்டு எழுதியது. உடைக்கத்தான் வேண்டுமென்றால் அப்படித்தான் உடைக்கவேண்டும்.

படி 6: மொழி ஒளித்துவைத்திருக்கும் வேறுபாடுகள்

64-பிட் விண்டோஸில் 'லாங்' 32 பிட். 64-பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 64 பிட். அகல எழுத்து வகை விண்டோஸில் 16 பிட், லினக்ஸில் 32. கோப்பு வடிவத்துக்குள் இந்த இரண்டும் நுழையக் கூடாது; அளவு குறிப்பிட்ட வகைகளையே பயன்படுத்துங்கள்.

தசம எண்ணை முழு எண்ணாக மாற்றும்போது, எல்லைக்கு வெளியே உள்ள மதிப்புக்கு என்ன விடை என்று சி++ வரையறுக்கவில்லை. எக்ஸ்86 செயலி ஒரு குறிப்பிட்ட எதிர்மறை எண்ணைத் தரும். ஆர்ம் செயலி எல்லை மதிப்பிலேயே நிறுத்தும். விளையாட்டின் பாத்திரம் மேக்கில் மட்டும் வரைபடத்தின் ஓரத்துக்குப் பாய்ந்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

நான் நேரடியாக மாட்டிக்கொண்டது 'சார்' வகையில். கோப்பைப் படிக்கும் ஒரு சிறு சுற்றில், படித்த எழுத்தை 'சார்' மாறியில் வைத்து, கழித்தல் 1 வந்தால் முடிவு என்று எழுதியிருந்தேன். கணினியில் ஓராண்டு ஓடியது. ஆர்ம் லினக்ஸ் பலகையில் விளையாட்டு தொடக்கத் திரையிலேயே உறைந்தது. அங்கே 'சார்' குறியற்றது. அது ஒருபோதும் கழித்தல் 1 ஆகாது. சுற்று முடியவே முடியாது. இரண்டு இரவுகள் வரைகலை டிரைவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து, புதிய செயலியில் ஒன்று உறைந்தால் டிரைவரைக் குறைசொல்வதற்கு முன் என் நிரலின் எண் வகைகளைப் படிக்கிறேன்.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது. லினக்ஸும் ஆண்ட்ராய்டும் பொருட்படுத்தும். விண்டோஸில் ஓடும்போதே பெயர் பொருந்தாததைக் கண்டு கோடோ எச்சரிக்கிறது. உங்கள் எஞ்சினிலும் சேர்த்துவிடுங்கள்; சிறு வேலைதான்.

படி 7: பிறர் நிரலைக் கணக்கோடு வைத்திருங்கள்

கோடோவின் 'தேர்ட்பார்ட்டி' அடைவில் உள்ள ஒரு விளக்கக் கோப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு லைப்ரரிக்கும் மூலம் எது, எந்தப் பதிப்பு, எந்த உரிமம், எந்தெந்தக் கோப்புகளை எடுத்தோம் என்று அதில் எழுதியிருக்கிறது. நாம் செய்த திருத்தங்கள் தனித்தனி பேட்ச் கோப்புகளாக அருகிலேயே இருக்கும். இந்தக் கணக்கு இல்லாத எஞ்சினில் லைப்ரரியைப் புதுப்பிப்பவர், முன்னொருவர் ஒரு தளத்துக்காகச் செய்த திருத்தத்தைத் தெரியாமலே அழித்துவிடுவார்.

உங்களைவிட நன்றாக ஒன்றை வேறொருவர் பராமரிக்கிறார் என்றால் அவரிடம் விட்டுவிடுங்கள். கேம்பேடுகளுக்கு விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் தனித்தனியாகச் சொந்த நிரல் வைத்திருந்த கோடோ, 4.5-இல் அதை எஸ்டிஎல் 3 என்ற பல்தள லைப்ரரியின் கேம்பேடு பகுதிக்கு மாற்றியது. புதிய கேம்பேடு சந்தைக்கு வரும்போதெல்லாம் மூன்று இடத்தில் திருத்தும் வேலை அதோடு போயிற்று.

படி 8: ஒவ்வொரு மாற்றத்தையும் எல்லாத் தளத்திலும் தொகுங்கள்

கோடோவில் ஒவ்வோர் இணைப்புக் கோரிக்கைக்கும் தானியங்கி பில்டுச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், வெப் ஆகியவற்றுக்கான பில்டுகள் ஓடுகின்றன. கம்பைலரின் எச்சரிக்கை எதுவும் பிழையாகவே கருதப்படுகிறது. அதற்கு முன்பாக நடை, எழுத்துப்பிழைச் சோதனைகள் ஓடும். மலிவானவை முதலில் விழட்டும்.

தொகுத்தால் மட்டும் போதாது. கோடோவில் திரையில்லா முறையில் இயக்க ஒரு விருப்பம் இருக்கிறது. அலகுச் சோதனைகள் அப்படி ஓடும். லினக்ஸ் பில்டுகளில் சிலவற்றை நினைவகப் பிழை, வரையறையற்ற நடத்தை, திரிப் போட்டி ஆகியவற்றைக் கண்டுபிடிக்கும் சானிட்டைசர்களோடு தொகுத்து இயக்குங்கள். ஆறாம் படியில் சொன்ன எண் மாற்றப் பிழை போன்றவற்றை எக்ஸ்86 கணினியிலேயே பிடிக்க இது உதவும். வரைகலையைச் சோதிக்க, மெய்நிகர் திரையும் மேசாவின் மென்பொருள் வல்கனான லாவாபைப்பும் போதும். ஒரு சிறு காட்சியை ஓட்டி, எஞ்சின் விழாமல் மூடுகிறதா என்று பார்ப்பதே பாதிப் பிழைகளைப் பிடித்துவிடும்.

பில்டு நேரம் நீண்டால் பங்களிப்பாளர்கள் காத்திருக்கச் சலித்துப்போவார்கள். ஸ்கான்ஸின் தற்காலிகச் சேமிப்பை ஓட்டங்களுக்கிடையே பாதுகாத்துக்கொள்ளுங்கள். மாறாத கோப்புகள் மீண்டும் தொகுக்கப்படாது.

படி 9: உண்மையான கருவியில் இயக்குங்கள்

ஆண்ட்ராய்டில் அட்ரீனோ, மாலி ஆகிய இரண்டு வகை வரைகலைச் செயலிகளிலாவது, ஒன்று பழையது ஒன்று புதியது என்று, சோதிக்கவேண்டும். டிரைவர் பிழையைச் சுற்றிப்போக ஒரு மாற்றுவழி எழுதினால், அதன் அருகிலேயே எந்தச் செயலி, எந்த டிரைவர் பதிப்பு, என்ன அறிகுறி என்று எழுதிவிடுங்கள். காரணம் எழுதாத மாற்றுவழியை நீக்க யாருக்கும் துணிவு வராது. அது எஞ்சினில் நிரந்தரமாகத் தங்கிவிடும். கோடோ, ஓப்பன்ஜிஎல் டிரைவர் மோசமாக உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு ஆங்கிள் என்ற மொழிபெயர்ப்பு லைப்ரரிக்கு மாறிக்கொள்கிறது. எந்தெந்தக் கருவிகளில் மாறவேண்டும் என்ற பட்டியலைத் திட்ட அமைப்புகளிலேயே வைத்திருக்கிறது. நிரலுக்குள் சிதறிக்கிடக்கும் நிபந்தனைகளைவிட இப்படிப்பட்ட பட்டியல் எவ்வளவோ மேல்.

பிழை அறிக்கை கேட்கும்போது, பேக்எண்டை மாற்றி இயக்கச் சொல்லுங்கள். கோடோவில் வரைகலை டிரைவர், திரை டிரைவர், ஒலி டிரைவர் மூன்றையும் கட்டளை வரியில் தேர்ந்தெடுக்கலாம். வல்கனிலும் டைரக்ட்3டியிலும் ஒரே மாதிரி வந்தால் பிழை மேலே இருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்தால் கீழே. பயனருக்கு அரை நிமிட வேலை, உங்களுக்கு அரை நாள் மிச்சம்.

வெப் தளத்தில் நடந்தது தனியாகச் சொல்லத்தக்கது. 2018-இல் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறை வெளியானபின் உலாவிகள் திரிகளுக்கிடையே நினைவகத்தைப் பகிரும் வசதியை முடக்கின. பிறகு, சர்வர் தன் பதிலோடு இரண்டு குறிப்பிட்ட தலைப்புகளை (ஹெச்டிடிபி ஹெடர்கள்) அனுப்பினால் மட்டும் அதைத் தந்தன. கோடோ 4.0-இன் வெப் ஏற்றுமதிக்குத் திரிகள் கட்டாயமாயின. தொழில்நுட்ப அளவில் சரியான முடிவு. ஆனால் தங்கள் விளையாட்டை வேறொருவர் இணையதளத்தில் பதிவேற்றும் எளிய படைப்பாளிகளுக்கு அந்தத் தலைப்புகள் கையில் இல்லை. விளம்பரங்களும் பிற இணையச் சேவைகளும் அந்தத் தலைப்புகளோடு ஒத்துப்போகவில்லை. பலர் 3-ஆம் வரிசையிலேயே தங்கிவிட்டார்கள். 2024 ஆகஸ்ட்டில் வந்த 4.3, திரியில்லாத ஏற்றுமதியை மீண்டும் கொண்டுவந்தது. ஒற்றைத் திரியில் ஒலி தடுமாறியதால், ஒலி மாதிரிகளை உலாவியிடமே ஒப்படைக்கும் முறையையும் அதோடு எழுதவேண்டியிருந்தது. ஒரு தளம் தொகுக்கப்படுகிறதா, இயங்குகிறதா என்பவற்றுக்கு அப்பால், அந்தத் தளத்தின் மக்கள் விளையாட்டை எங்கே, எப்படிப் பிறரிடம் சேர்க்கிறார்கள் என்பதையும் பொறுப்பாளர் தெரிந்திருக்கவேண்டும்.

படி 10: வெளியே வாழும் தளங்களும் விடைபெறும் தளங்களும்

கன்சோல்களின் மேம்பாட்டுக் கோப்புகள் ரகசிய ஒப்பந்தத்துக்குள் வருவதால், அவற்றுக்கான நிரலைத் திறமூலக் களஞ்சியத்தில் வைக்க முடியாது. கோடோவுக்குக் கன்சோல் ஆதரவைத் தனி நிறுவனங்கள் தருவது அதனால்தான். மூன்றாம் படியில் சொன்ன அமைப்பு இங்கே கைகொடுக்கிறது: அந்தத் தளத்தின் அடைவை 'பிளாட்ஃபார்ம்' அடைவுக்குள் வைத்தால் பில்டு அதைத் தானே கண்டுகொள்ளும். உங்களால் பார்க்க முடியாத நிரலும் உங்கள் இடைமுகத்தை நம்பியிருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டிரைவர் இடைமுகத்தை மாற்றும்போது, என்ன மாறியது என்ற குறிப்பை மாற்றத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு தளத்துக்குப் பொறுப்பாளர் போய்விட்டால், அடுத்த வெளியீட்டிலேயே அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். புதியவர் வர ஒரு வெளியீட்டுச் சுற்று காத்திருங்கள். யாரும் வரவில்லையென்றால் நீக்குங்கள். நீக்கும் கமிட்டில் மூன்று விவரங்கள் இருக்கட்டும்: கடைசியாக எந்தக் கமிட்டில் இது இயங்கியது, எந்தக் கருவிப் பதிப்புகளோடு, இன்றைய இடைமுகத்துக்குக் கொண்டுவர எந்த வகுப்புகளை எழுதவேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கருவியைக் கையில் வைத்திருக்கும் யாரோ ஒருவர் களஞ்சியத்தின் வரலாற்றைத் தோண்டுவார். அவர் வேலையைத் தொடங்க அந்தக் குறிப்பு வேண்டும்.